ஒய் குரோமோசோமில் என்ன இருக்கிறது, அது எப்படி மகனுக்குப் போகிறது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஒய் குரோமோசோமைப் பற்றிப் பேசும்போது இரண்டு விதமான மிகை அடிக்கடி காதில் விழுகிறது. "ஆணா பெண்ணா என்று தீர்மானிப்பதோடு அதன் வேலை முடிந்தது" என்பது ஒன்று. "வம்சமே அதில்தான் இருக்கிறது" என்பது மற்றொன்று. இரண்டுமே தவறு. ஒரே ஒரு வழியாக, கிட்டத்தட்ட மாறாமல் வருவதால் அந்த ஒரு வழியைப் பற்றி அது நிறையச் சொல்கிறது. ஆனால் ஒரு மனிதர் யார் என்பதைப் பற்றி மிகக் கொஞ்சம்தான் சொல்கிறது. கீழே உள்ள பதில்கள் எல்லாவற்றுக்கும் அடியில் இந்த ஒரு விஷயம்தான் இருக்கிறது.

ஒய் குரோமோசோம் என்றால் என்ன?

நம் உடலின் பெரும்பாலான செல்களில் 46 குரோமோசோம்கள் 23 ஜோடிகளாக இருக்கின்றன. அவற்றில் 22 ஜோடிகள் ஆண், பெண் இருவருக்கும் ஒரே மாதிரி. மிச்சமுள்ள ஒரு ஜோடி பெண்களுக்குப் பொதுவாக இரண்டு எக்ஸ், ஆண்களுக்கு ஒரு எக்ஸும் ஒரு ஒய்யும்.

1905-ல் அமெரிக்க ஆய்வாளர் நெட்டி ஸ்டீவன்ஸ் மாவுப்புழு வண்டுகளின் செல்களை நுண்ணோக்கியில் பார்த்துக்கொண்டிருந்தார். ஆண் வண்டில் ஒரு ஜோடி மட்டும் பொருந்தாமல், ஒன்று பெரிதாகவும் மற்றொன்று மிகச் சிறிதாகவும் இருந்தது. பாதி விந்தணுக்களில் பெரியது, பாதியில் சிறியது. சிறியது போய்ச் சேர்ந்தால் ஆண் வண்டு பிறக்கிறது என்று அவர் கண்டறிந்தார். எட்மண்ட் வில்சனும் அதே காலத்தில் தனியாக இதே முடிவுக்கு வந்தார். நெட்டி ஸ்டீவன்ஸின் பெயர் நம் பாடங்களில் இன்னும் அதிகம் வர வேண்டும்.

குழந்தை ஆணா பெண்ணா என்பது யாரால் அமைகிறது?

அம்மாவின் கருமுட்டையில் எப்போதும் எக்ஸ்தான் இருக்கும், அவரிடம் கொடுக்க வேறு எதுவும் இல்லை. அப்பாவின் விந்தணுக்களில் ஏறக்குறைய பாதி எக்ஸைச் சுமக்கின்றன, பாதி ஒய்யை. எந்த விந்தணு முட்டையைச் சேர்கிறதோ அதைப் பொறுத்துத்தான் அமைகிறது. இதில் அப்பாவின் விருப்பமோ முயற்சியோ எதுவும் கிடையாது. ஒவ்வொரு கருவிலும் புதிதாக நடக்கும் தற்செயல் அது. முதல் மூன்றும் பெண் குழந்தைகள் என்பதால் நான்காவது பையனாகப் பிறக்கும் வாய்ப்பு கூடிவிடாது.

பெண் குழந்தை பிறந்தால் தாயைக் குறை சொல்வது எவ்வளவு பெரிய அநியாயம் என்பதற்கு வேறு விளக்கம் தேவையில்லை. நூறு வருடத்துக்கு மேலாகத் தெரிந்த உண்மை இது. இன்னமும் அந்தப் பழியைச் சுமக்கும் பெண்கள் இருக்கிறார்கள் என்பதால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

மற்ற குரோமோசோம்களும் பெற்றோரிடமிருந்துதானே வருகின்றன? ஒய்யில் மட்டும் என்ன தனி?

மற்ற ஜோடிகளில், விந்தணுவோ கருமுட்டையோ உருவாகும்போது இரண்டு குரோமோசோம்களும் அருகருகே வந்து துண்டுகளை மாற்றிக்கொள்கின்றன. அதனால் உங்கள் அப்பா உங்களுக்குக் கொடுத்த ஏழாம் குரோமோசோம், அவருடைய அப்பாவின் துண்டும் அம்மாவின் துண்டும் கலந்த ஒன்று. தலைமுறைக்குத் தலைமுறை அது புதிதாகக் கலைகிறது.

ஒய்க்கு அந்த வாய்ப்பு பெரும்பாலும் இல்லை. ஆணிடம் அதற்கு ஜோடியாக இருப்பது எக்ஸ், இரண்டும் உருவத்திலும் உள்ளடக்கத்திலும் வெகுதூரம் பிரிந்துவிட்டன. இரு முனைகளில் மட்டும் சிறிய ஒத்த பகுதிகள் மிச்சம் இருக்கின்றன. நடுவில் உள்ள பெரும்பகுதி எதனுடனும் கலக்காமல் அப்பாவிடமிருந்து மகனுக்கு அப்படியே போகிறது. இந்தக் கட்டுரையில் 'ஒய் வழி' என்று சொல்லும்போதெல்லாம் இந்தப் பெரும்பகுதியைத்தான் சொல்கிறேன்.

அப்படியானால் குடும்பத்தில் யாருக்கெல்லாம் ஒரே ஒய் இருக்கும்?

ஆண்கள் வழியாக மட்டுமே கோடு போட்டுப் பாருங்கள். அப்பா, அப்பாவின் அப்பா, உடன்பிறந்த சகோதரர்கள், பெரியப்பா, சித்தப்பா, அவர்களுடைய மகன்கள், அந்த மகன்களின் மகன்கள் என்று பங்காளிகள் எல்லோருக்கும் ஒரே ஒய்தான்.

அம்மாவின் அப்பாவிடமிருந்து உங்களுக்கு ஒய் வராது. தாய்மாமாவின் ஒய்யும் உங்கள் ஒய்யும் வேறு. அத்தை மகனுக்கு அத்தையின் கணவருடைய ஒய். ஒருவருடைய மகன் வயிற்றுப் பேரனுக்கு அவருடைய ஒய் இருக்கும், மகள் வயிற்றுப் பேரனுக்கு இருக்காது. ஆனால் அந்த இரண்டு பேரன்களுமே அவரிடமிருந்து சராசரியாக டி.என்.ஏ.வில் கால்வாசியைப் பெற்றிருக்கிறார்கள். இதை மறந்துவிடக் கூடாது.

இரட்டைச் சகோதரர்கள் ஒரே கருவிலிருந்து பிரிந்தவர்களாக இருந்தாலும் சரி, இரு வேறு கருவிலிருந்து வந்தவர்களாக இருந்தாலும் சரி, இருவருக்கும் ஒரே ஒய்.

எனக்குப் பெண் குழந்தைகள் மட்டும்தான். என் மரபு என்னோடு முடிந்துவிடுமா?

உங்கள் ஒய் உங்கள் மகள்களுக்குப் போகவில்லை, அவ்வளவுதான். உங்கள் 22 ஜோடிகளிலிருந்து பாதியும், உங்களுடைய ஒரே எக்ஸ் கிட்டத்தட்ட முழுதாகவும் ஒவ்வொரு மகளுக்கும் போயிருக்கின்றன. இன்னும் சொல்லப்போனால், ஒரு மகனைவிட மகளுக்குத்தான் அப்பாவிடமிருந்து கொஞ்சம் அதிக டி.என்.ஏ. கிடைக்கிறது, ஏனென்றால் எக்ஸ் ஒய்யைவிட இரண்டு மடங்குக்கு மேல் நீளமானது.

இன்னொரு கணக்கும் பாருங்கள். பத்துத் தலைமுறை பின்னால் போனால் உங்கள் மரத்தில் 1,024 முன்னோர் இடங்கள் இருக்கின்றன. ஒய் அவற்றில் ஒரே ஒருவரிடமிருந்து வருகிறது. மற்ற 1,023 பேரைப் பற்றி அது எதுவும் சொல்லாது. ஒய்யை 'வம்சம்' என்று எடுத்துக்கொண்டால் அவ்வளவு பேரையும் கணக்கிலிருந்து அடித்துவிடுகிறோம்.

ஒய்யில் எத்தனை மரபணுக்கள் இருக்கின்றன?

ரொம்ப நாளாக இதற்குச் சரியான பதில் கிடைக்கவில்லை, ஏனென்றால் ஒய்யின் பாதிக்கு மேல் ஒரே எழுத்து (டி.என்.ஏ.வின் அடிப்படை அலகு) வரிசை திரும்பத் திரும்ப வரும் பகுதி. பழைய கருவிகளால் அதைப் படித்துக் கோக்க முடியவில்லை. 2003-ல் டேவிட் பேஜ் தலைமையிலான குழுவினர் கலக்காத பகுதியின் முக்கியப் பாகத்தைப் படித்து வெளியிட்டார்கள். முழு ஒய்யும் முனை முதல் முனை வரை படிக்கப்பட்டது 2023-ல்தான். அந்த ஒய்யின் நீளம் 6 கோடியே 24 லட்சம் எழுத்துகளுக்குச் சற்று மேல். புரதம் செய்யும் மரபணுக்கள் 106. எக்ஸில் 800-க்கு மேல் இருக்கின்றன என்பதோடு ஒப்பிட்டால் இது குறைவு.

அந்த 106-லும் பல ஒரே மரபணுவின் நகல்கள். புதிதாகத் தெரியவந்த 41 மரபணுக்களில் பெரும்பாலானவை டி.எஸ்.பி.ஒய். என்ற ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை. விந்தணு உருவாவதில் அவற்றுக்குப் பங்கு உண்டு. நகல்களின் எண்ணிக்கையும் ஆளுக்கு ஆள் மாறும். அதே 2023-ல் 43 ஆண்களின் ஒய்யை ஒப்பிட்ட ஆய்வில், மிகச் சிறியது சுமார் 4.5 கோடி எழுத்துகளும் மிகப் பெரியது சுமார் 8.5 கோடி எழுத்துகளும் கொண்டிருந்தன. நலமாக வாழும் ஆண்களிடையே இவ்வளவு வித்தியாசம்!

ஆண் தன்மையைத் தருவது எந்த மரபணு?

எஸ்.ஆர்.ஒய். என்ற ஒரு சின்ன மரபணு. அதன் புரதம் 204 அமினோ அமிலங்கள் மட்டுமே கொண்டது. 1990-ல் பீட்டர் குட்ஃபெலோ, ராபின் லவல்-பேட்ஜ் ஆகியோரின் குழுக்கள் இதைக் கண்டுபிடித்தன. அடுத்த ஆண்டே அதை இரண்டு எக்ஸ் கொண்ட எலிக் கருவில் செலுத்திப் பார்த்தார்கள். எலி ஆணாக வளர்ந்தது. ஐயத்துக்கு இடமில்லாத சோதனை அது.

கருவின் முதல் ஆறு வாரம் வரை ஆண், பெண் என்ற வேறுபாடு உறுப்புகளில் தெரியாது. பின்னால் விரையாகவோ சூலகமாகவோ மாறக்கூடிய பொதுவான ஒரு திசுதான் அப்போது இருக்கும். ஒய் உள்ள கருவில் ஏறக்குறைய அந்த ஆறாவது வாரத்தில் எஸ்.ஆர்.ஒய். கொஞ்ச நேரம் மட்டும் விழித்து, 17-ஆம் குரோமோசோமில் உள்ள சாக்ஸ்-9 என்ற மரபணுவைத் தூண்டுகிறது. அங்கிருந்து வேலை தொடர்கிறது. திசு விரையாகிறது. விரை டெஸ்டோஸ்டிரோனைச் சுரக்கிறது. கருப்பைக்குரிய குழாய்களை வளரவிடாமல் தடுக்கும் இன்னொரு ஹார்மோனையும் அதுவே சுரக்கிறது.

ஆணாக வளர்வதற்குத் தேவையான மரபணுக்களில் பெரும்பாலானவை ஒய்யில் இல்லை என்பதை இங்கே கவனிக்க வேண்டும். எஸ்.ஆர்.ஒய். தொடங்கிவைக்கிறது, மிச்ச வேலையை மற்ற குரோமோசோம்கள் செய்கின்றன. டெஸ்டோஸ்டிரோனை உணர்ந்து செயல்பட வைக்கும் ஏற்பி மரபணு எக்ஸில் இருக்கிறது. அதாவது ஓர் ஆண் அதை அம்மாவிடமிருந்துதான் பெறுகிறார்.

ஒய் இருந்தும் பெண்ணாகவோ, ஒய் இல்லாமல் ஆணாகவோ பிறக்க முடியுமா?

முடியும். எஸ்.ஆர்.ஒய். வேலை செய்யாத நிலையில் எக்ஸ்-ஒய் உள்ள குழந்தை பெண் உடலமைப்போடு பிறக்கலாம். கருப்பை இருக்கும், சூலகம் முழுமையாக உருவாகியிருக்காது. பெரும்பாலும் பருவம் எய்தத் தாமதமாகும்போதுதான் தெரியவரும். இதற்கு ஸ்வையர் நோய்க்குறி என்று பெயர். எஸ்.ஆர்.ஒய். தவிர வேறு மரபணுக்களின் மாற்றத்தாலும் இது வருகிறது. எஸ்.ஆர்.ஒய். சரியாக இருந்து, மேலே சொன்ன ஏற்பி மட்டும் வேலை செய்யாவிட்டாலும் குழந்தையின் வெளித்தோற்றம் பெண்ணாகவே இருக்கும். அந்த நிலையில் கருப்பை இருக்காது.

மறுபக்கம், அப்பாவின் விந்தணு உருவாகும்போது எஸ்.ஆர்.ஒய். இடம் தவறி எக்ஸுக்குத் தாவிவிட்டால், இரண்டு எக்ஸ் உள்ள குழந்தை ஆணாகப் பிறக்கும். ஆண்களில் சுமார் 20,000 பேரில் ஒருவருக்கு இப்படி. உடல்நலம் பெரும்பாலும் நன்றாகவே இருக்கும், விந்தணு மட்டும் உருவாகாது, ஏனென்றால் அதற்கு ஒய்யின் மற்ற மரபணுக்கள் தேவை.

இவர்கள் யாரும் 'உண்மையில் வேறு பாலினத்தவர்' அல்ல. குரோமோசோம் பரிசோதனைத் தாள் ஒருவரின் வாழ்க்கையைத் தீர்மானிக்கும் சான்றிதழும் அல்ல. இப்படி ஒரு முடிவு கையில் கிடைத்தால், இணையத்தில் தேடுவதை நிறுத்திவிட்டு மரபியல் ஆலோசகரைப் பார்ப்பதே சரி.

எஸ்.ஆர்.ஒய். தவிர மற்ற மரபணுக்களுக்கு என்ன வேலை?

இரண்டு கூட்டமாகப் பிரிக்கலாம். ஒரு கூட்டம் விரையில் மட்டும் வேலை செய்கிறது: டாஸ், ஆர்.பி.எம்.ஒய்., டி.எஸ்.பி.ஒய். போன்றவை. விந்தணு உருவாக்கம்தான் இவற்றின் வேலை.

இரண்டாவது கூட்டம் பலர் அறியாதது. யூ.டி.ஒய்., கே.டி.எம்.5.டி., டி.டி.எக்ஸ்.3.ஒய். போன்ற மரபணுக்கள் மூளை, இதயம், ரத்தம் என உடல் முழுவதும் வேலை செய்கின்றன. இவற்றுக்கு எக்ஸிலும் இணை உண்டு. பெண்களிடம் இரண்டு எக்ஸில் ஒன்று பெருமளவு அடக்கிவைக்கப்படும், ஆனால் இந்த இணைகளில் பெரும்பாலானவை அடங்காமல் இரண்டிலும் இயங்குகின்றன. அதாவது ஆணாக இருந்தாலும் பெண்ணாக இருந்தாலும் இவற்றில் இரண்டு நகல் தேவைப்படுகிறது. ஆணுக்கு இரண்டாவது நகலைத் தருவது ஒய்தான். 'பாலினம் தீர்மானித்ததோடு வேலை முடிந்தது' என்ற எண்ணம் இங்கேதான் உடைகிறது.

பல் எனாமலுக்கான அமெலோஜெனின் மரபணுவும் எக்ஸ், ஒய் இரண்டிலும் இருக்கிறது, நீளத்தில் மட்டும் சிறு வேறுபாடு. ஒரு ரத்தத்துளி ஆணுடையதா பெண்ணுடையதா என்று தடயவியலில் பார்ப்பது பெரும்பாலும் இந்த வேறுபாட்டை வைத்துத்தான்.

ஒய்யில் உள்ள எதுவுமே மகளுக்குப் போகாதா?

முனைகளில் உள்ள பகுதிகள் போகலாம். குரோமோசோமின் இடுக்குக்கு இருபுறமும் உள்ள பாகங்களைக் குட்டைக் கை, நெட்டைக் கை என்பார்கள். குட்டைக் கையின் நுனியில் சுமார் 27 லட்சம் எழுத்துகள், நெட்டைக் கையின் நுனியில் 3 லட்சத்துக்குச் சற்று மேல். இந்த இரண்டு இடத்திலும் எக்ஸும் ஒய்யும் ஒரே மாதிரி இருப்பதால் துண்டு மாற்றிக்கொள்ள முடியும். குட்டைக் கை நுனியில் விந்தணு உருவாகும்போது பொதுவாக ஒரு மாற்றம் நடந்தே தீரும்.

உயரத்தோடு தொடர்புள்ள ஷாக்ஸ் என்ற மரபணு இங்கேதான் இருக்கிறது. அதில் ஒரு பழுது அப்பாவின் ஒய்யில் இருந்தால், அது எக்ஸுக்கு மாறி மகளுக்குப் போகலாம். அதனால் இந்தப் பகுதி மரபணுக்கள் ஒய் வழி விதியைப் பின்பற்றாமல் சாதாரண குரோமோசோம்களைப் போலவே மகன், மகள் இருவருக்கும் போகின்றன. ஒரே ஒரு எக்ஸ் மட்டும் உள்ள டர்னர் நோய்க்குறிப் பெண்கள் உயரம் குறைவாக இருப்பதற்கு ஷாக்ஸில் ஒரு நகல் குறைவது ஒரு முக்கியக் காரணம்.

நிறக்குருடு, ஹீமோபிலியா, வழுக்கை ஆகியவை ஒய் வழியாகத்தானே வருகின்றன? ஆண்களுக்குத்தானே அதிகம்?

இல்லை. சிவப்பு-பச்சை நிறக்குருடும் ஹீமோபிலியாவும் எக்ஸ் வழி. ஆணுக்கு ஒரே எக்ஸ் என்பதால் அதில் பழுது இருந்தால் ஈடுகட்ட இரண்டாவது இல்லை, அதனால்தான் ஆண்களிடம் அதிகம் தெரிகிறது. மகன் இதைப் பெறுவது அம்மாவிடமிருந்து, அப்பாவிடமிருந்து அல்ல. வழுக்கைக்குப் பல மரபணுக்கள் காரணம், அவற்றில் வலுவான ஒன்று எக்ஸில் இருக்கிறது. மற்றவை பொதுவான குரோமோசோம்களில் பரவிக் கிடக்கின்றன.

'ஆண்களிடம் அதிகம்' என்பதும் 'ஒய் வழி' என்பதும் வேறு வேறு. உண்மையான ஒய் வழிப் பண்பு என்றால் பாதிக்கப்பட்ட அப்பாவின் எல்லா மகன்களுக்கும் வர வேண்டும், எந்த மகளுக்கும் வரக் கூடாது, மகள் வழிப் பேரனுக்கும் வரக் கூடாது.

காது முடி ஒய் வழி என்று பாடத்தில் படித்தேனே?

பல பாடநூல்களில் அப்படித்தான் இருந்தது, சிலவற்றில் இன்னும் இருக்கிறது. குடும்ப மரங்களை வைத்து இருபதாம் நூற்றாண்டில் சொல்லப்பட்ட முடிவு அது. 2004-ல் காது மடலில் முடி உள்ள தென்னிந்திய ஆண்களின் ஒய்யை மூலக்கூறு அளவில் ஆராய்ந்தபோது, அவர்கள் ஒரே ஒய் வழியைச் சேர்ந்தவர்களாக இல்லை. முடி இல்லாதவர்களிடம் இருப்பதைப் போலவே பல வழிகள் கலந்து இருந்தன. ஒய்யில் உள்ள ஒரு மரபணு காரணமாக இருந்திருந்தால் அப்படி இருக்க வாய்ப்பில்லை. வயதும் ஆண் ஹார்மோனும் இதில் பங்கு வகிக்கின்றன. தேர்வில் என்ன எழுதுவது என்று மாணவர்கள் கேட்டால் ஆசிரியரோடு பேசுங்கள் என்பேன். ஆனால் இதை ஒய் வழிப் பண்புக்கு உதாரணமாகக் கற்பிப்பதை நிறுத்தும் காலம் வந்துவிட்டது.

அப்படியென்றால் உண்மையான ஒய் வழி நோய் எது?

மிக முக்கியமானது ஆண்களின் மலட்டுத்தன்மையில் ஒரு வகை. ஒய்யின் நெட்டைக் கையில் ஏ.இசட்.எஃப். என்ற பகுதி இருக்கிறது, அதை ஏ, பி, சி என்று மூன்றாகப் பிரிக்கிறார்கள். இங்கே ஒரு துண்டு விடுபட்டுப் போனால் விந்தணு குறையும் அல்லது இல்லாமலே போகும். இந்தத் தொடர்பு முதலில் சொல்லப்பட்டது 1976-ல். பெரும்பாலானவர்களுக்கு இது அப்பாவிடமிருந்து வந்ததல்ல, அவர்களுக்கே புதிதாக நேர்ந்தது. அப்பாவுக்கு முழு ஒய் இருந்திருக்கும்.

எந்தத் துண்டு விடுபட்டது என்பது சிகிச்சையில் ரொம்ப முக்கியம். சி பகுதி மட்டும் இல்லையென்றால் விரையிலிருந்து விந்தணு எடுக்கப் பல சமயம் வாய்ப்பு உண்டு. ஏ பகுதியோ பி பகுதியோ முழுவதும் இல்லையென்றால் அந்த வாய்ப்பு கிட்டத்தட்ட இல்லை, அறுவை சிகிச்சையைத் தவிர்த்துவிடலாம். அதனால் விந்தணு இல்லாத அல்லது மிகக் குறைவாக உள்ள ஆண்கள் சிகிச்சைக்கு முன்பே இந்தப் பரிசோதனையைக் கேட்டுப் பெறுவது நல்லது.

இன்னொன்று: சி பகுதி இல்லாதவரின் விந்தணுவை முட்டைக்குள் செலுத்திக் குழந்தை பெற்றால், பிறக்கும் மகனுக்கும் அதே குறை நிச்சயம் போகும். மகளுக்குப் போகாது. இதைத் தெரிந்துகொண்டே தம்பதியர் முடிவெடுக்க வேண்டும்.

இது தவிர, சீனாவில் ஒரு பெரிய குடும்பத்தில் பல தலைமுறையாக ஆண்களுக்கு மட்டும் காது கேளாமை ஒய் வழியாக வந்தது 2004-ல் பதிவானது. அந்த ஒய்யில் முதல் குரோமோசோமின் துண்டு ஒன்று ஒட்டியிருந்தது பிற்பாடு தெரியவந்தது. இப்படிப்பட்டவை மிக அரிது.

இரண்டு ஒய் இருந்தால் முரடராக இருப்பார்களா?

மாட்டார்கள். 1960-களில் சிறை மருத்துவமனைகளில் மட்டும் தேடிய ஆய்வுகளிலிருந்து கிளம்பிய எண்ணம் அது. எங்கே தேடினார்களோ அங்கே கிடைத்தவர்களை வைத்து முடிவுக்கு வந்துவிட்டார்கள். ஆண்களில் ஏறக்குறைய ஆயிரத்தில் ஒருவருக்கு எக்ஸ்-ஒய்-ஒய் இருக்கிறது. பெரும்பாலானவர்களுக்கு அது தெரியவே தெரியாது. சராசரியைவிட உயரம் கொஞ்சம் கூடுதல், சிலருக்குப் பேச்சிலோ படிப்பிலோ உதவி தேவைப்படலாம். அப்பாவின் விந்தணு உருவாகும்போது நேரும் பிரிவுப் பிழையால் வருகிறது, பரம்பரையாக அல்ல.

பெண்ணின் உடலில் ஒய் இருக்க முடியுமா?

ஆண் குழந்தையைச் சுமந்த தாயின் ரத்தத்தில் அந்தக் குழந்தையின் ஒய் துணுக்குகள் மிதப்பதை 1997-ல் டென்னிஸ் லோ குழுவினர் காட்டினார்கள். அவை பிரசவத்துக்குப் பிறகு சீக்கிரம் மறைந்துவிடும். ஆனால் குழந்தையின் முழுச் செல்கள் சில தாயின் உடலில் தங்கிவிடுகின்றன. மகன் பிறந்து 27 வருடம் ஆன ஒரு தாயிடம் ஒய் உள்ள செல்கள் இருந்ததை 1996-ல் பதிவு செய்தார்கள். ஆணிடமிருந்து எலும்பு மஜ்ஜை பெற்ற பெண்ணின் ரத்தச் செல்களிலும் ஒய் இருக்கும்.

வயதானால் ஒய் தொலைந்துபோகும் என்கிறார்களே?

சில ரத்த அணுக்களில் அப்படி நடக்கிறது. செல் பிரியும்போது ஒய் விடுபட்டுப்போய், அது இல்லாத செல்களே பெருகிவிடுகின்றன. 70 வயதான ஆண்களில் 40 சதவீதம் பேரிடம் இதைக் காண முடிகிறது. புகைப்பவர்களிடம் இது அதிகம், விட்டவர்களிடம் அவ்வளவு இல்லை.

முன்பு இது முதுமையின் சாதாரண அடையாளம் என்று விட்டுவிட்டார்கள். புற்றுநோய், இதய நோய், அல்சைமர் ஆகியவற்றோடு தொடர்பு தெரிந்த பிறகு பார்வை மாறியது. 2022-ல் எலிகளின் மஜ்ஜையிலிருந்து ஒய்யை நீக்கிப் பார்த்தபோது இதயத் தசையில் தழும்பு அதிகமானது. வெறும் அடையாளம் மட்டும் அல்ல, காரணமாகவும் இருக்கலாம் என்பதற்கு இது வலுவான சான்று. இது பரம்பரையாக மகனுக்குப் போவதல்ல.

மாறாமல் வருகிறது என்றால், எல்லா ஆண்களுக்கும் ஒரே ஒய்யாக அல்லவா இருக்க வேண்டும்?

நகலெடுக்கும்போது எழுத்துப்பிழைகள் விழுகின்றன. கலப்பு இல்லாததால் ஒருமுறை விழுந்த பிழை அந்த வழியில் வரும் எல்லா ஆண்களிடமும் தங்கிவிடும். அந்தப் பிழைகளின் வரிசையைப் பின்தொடர்ந்துதான் உலக ஆண்களின் தந்தைவழி மரத்தை வரைகிறார்கள். அதன் பெரிய கிளைகளை ஹேப்லோகுரூப் என்கிறார்கள், ஏ (A) முதல் டி (T) வரை ஆங்கில எழுத்துகளால் குறிக்கிறார்கள்.

ஹேப்லோகுரூப் இனமும் அல்ல, மொழியும் அல்ல, குலமும் அல்ல. மேற்கு ஐரோப்பாவில் மிக அதிகமாக இருக்கும் ஆர்1பி கிளையின் ஓர் உட்பிரிவு ஆப்பிரிக்காவின் சாட் பகுதியிலும் நிறைய இருக்கிறது. எழுத்தைப் பார்த்துத் தோற்றத்தையோ பெருமையையோ படிக்க முடியாது.

எல்லா ஆண்களின் கோடுகளும் பின்னால் போய்ச் சேரும் ஒரு மனிதர் சுமார் 2 முதல் 3 லட்சம் ஆண்டுகளுக்கு முன் ஆப்பிரிக்காவில் வாழ்ந்தார் என்று கணக்கிடுகிறார்கள். அவர் அப்போது இருந்த ஒரே ஆண் அல்ல. மற்றவர்களின் மகன் வழிக் கோடுகள் எங்கோ அறுந்துபோயின, ஆனால் அவர்களுடைய மற்ற டி.என்.ஏ. நம்மிடம் இருக்கிறது. 2013-ல் அதுவரை தெரியாத ஏ00 என்ற மிகப் பழைய கிளை கண்டுபிடிக்கப்பட்டதும் இந்தக் காலக்கணக்கே பின்னால் தள்ளிப்போனது.

தந்தைவழியை நிரூபிக்க ஒய் பரிசோதனை போதுமா?

மறுப்பதற்குப் போதும், உறுதி செய்யப் போதாது. இரண்டு பேரின் ஒய் நிறைய இடங்களில் வேறுபட்டால் அவர்கள் ஒரே தந்தைவழி அல்ல. ஒத்துப்போனால் அப்பாவாகவும் இருக்கலாம், சித்தப்பாவாகவும் இருக்கலாம், தாத்தாவாகவும் இருக்கலாம்.

1998-ல் வெளியான ஜெஃபர்சன் ஆய்வு இதற்கு நல்ல உதாரணம். அமெரிக்காவின் மூன்றாவது அதிபர் தாமஸ் ஜெஃபர்சனுக்கு, மனைவிக்குப் பிறந்த மகன் வழியில் வாரிசு இல்லை. அவருடைய பெரியப்பா வழி ஆண்களின் ஒய்யை, அவரால் அடிமையாக வைக்கப்பட்டிருந்த சாலி ஹெமிங்ஸின் கடைசி மகன் எஸ்டனின் வழித்தோன்றலோடு ஒப்பிட்டார்கள். பொருந்தியது. ஒய் மட்டும் சொன்னது 'ஒரு ஜெஃபர்சன் ஆண்' என்பதைத்தான். அது தாமஸ்தான் என்ற முடிவுக்குப் பெரும்பாலான வரலாற்றாசிரியர்கள் வந்தது, அவர் எப்போது எங்கே இருந்தார் என்ற ஆவணங்களையும் சேர்த்துப் பார்த்துத்தான்.

மறுபக்க உதாரணம் இங்கிலாந்து மன்னர் மூன்றாம் ரிச்சர்ட். 2012-ல் லெஸ்டர் நகரில் கிடைத்த எலும்புக்கூடு அவருடையதுதான் என்று தாய்வழி மைட்டோகாண்ட்ரியா டி.என்.ஏ. உள்ளிட்ட சான்றுகள் காட்டின. ஆனால் தந்தைவழி உறவினர் என்று ஆவணங்கள் சொன்ன ஆண்களின் ஒய் அவரோடு பொருந்தவில்லை. இடையில் பல நூற்றாண்டுகளில் எங்கோ ஒரு தலைமுறையில், ஏட்டில் உள்ள அப்பா உண்மையான அப்பா இல்லை என்று பொருள். எங்கே என்று ஒய்யால் சொல்ல முடியாது.

வீட்டுக்கு வரும் ஒய் பரிசோதனைப் பெட்டி வாங்கும் முன் இதை யோசியுங்கள். முடிவு உங்களுடையது மட்டும் அல்ல, உங்கள் அண்ணன் தம்பி, பெரியப்பா, சித்தப்பா மகன்கள் எல்லோருடையதும்தான்.

ஒய் குரோமோசோம் ஒரு நாள் அழிந்துவிடுமா?

எக்ஸும் ஒய்யும் ஒரு காலத்தில் சாதாரண ஜோடி. சுமார் 18 கோடி ஆண்டுகளுக்கு முன் பிரியத் தொடங்கின. கலப்பு நின்றதும் ஒய் பழுதுகளைத் திருத்திக்கொள்ள வழியின்றி மரபணுக்களை இழந்துகொண்டே வந்தது. அந்த வேகத்தை அப்படியே நீட்டிப் பார்த்து, அது காணாமல் போகும் என்று சொன்னவர்கள் உண்டு.

ஆனால் இழப்பு ஒரே வேகத்தில் நடக்கவில்லை. 2012-ல் ரீசஸ் குரங்கின் ஒய்யோடு ஒப்பிட்டபோது, நம் இரு வழிகளும் பிரிந்த கடந்த இரண்டரைக் கோடி ஆண்டுகளில் மனித ஒய்யின் பழமையான மரபணுக்களில் ஒன்றுதான் போயிருந்தது. எஞ்சியவை அவ்வளவு இன்றியமையாதவை. திருத்திக்கொள்ளவும் ஒரு வழி இருக்கிறது. ஒய்யில் எட்டு இடங்களில், 'விகடகவி' போல முன்னிருந்தும் பின்னிருந்தும் ஒரே மாதிரி வரும் நீண்ட வரிசைகள் இருக்கின்றன. ஒரு பாதியில் பழுது வந்தால் அது மடிந்து மறு பாதியைப் பார்த்துச் சரிசெய்துகொள்கிறது. அவற்றில் பெரியது 29 லட்சம் எழுத்து நீளம், இரு பாதிகளும் 99.97 சதவீதம் ஒத்திருக்கின்றன. விந்தணுவுக்கான முக்கிய மரபணுக்கள் பல இவற்றுக்குள்தான் இருக்கின்றன.

ஒய்யை முற்றிலும் இழந்த பாலூட்டிகளும் உண்டு. ஜப்பானின் அமாமி தீவில் வாழும், முள் போன்ற ரோமம் கொண்ட எலி இனம் ஒன்றில் ஒய்யும் இல்லை, எஸ்.ஆர்.ஒய்.யும் இல்லை, ஆனாலும் ஆண் எலிகள் பிறந்துகொண்டுதான் இருக்கின்றன. சாக்ஸ்-9 மரபணுவுக்கு அருகே ஒரு சிறு பகுதி இரட்டித்து, எஸ்.ஆர்.ஒய். செய்த வேலையைத் தானே எடுத்துக்கொண்டிருக்கிறது என்று 2022-ல் கண்டுபிடித்தார்கள்.